நிஜ ஊரை கேமுக்குள் கொண்டுவருவது எப்படி: எதை அப்படியே வைப்பது, எதைப் புனைவது

டோக்கியோவின் ஷிஞ்சுகு வட்டாரத்தில் கபுகிச்சோ என்றொரு பேட்டை இருக்கிறது. போரில் எரிந்துபோன அந்தப் பகுதியைத் திரும்பக் கட்டும்போது, அங்கே ஒரு கபுகி நாடக அரங்கம் வரப்போகிறது என்ற நம்பிக்கையில் 1948-இல் அந்தப் பெயரை வைத்தார்கள். அரங்கம் வரவே இல்லை. பெயர் மட்டும் நின்றுவிட்டது. பிற்பாடு அது மதுக்கடைகளும் நியான் பலகைகளும் நெருக்கியடிக்கும் இரவுப் பேட்டையாக வளர்ந்தது.

2005-இல் செகா வெளியிட்ட 'யாகுசா' கேம் இந்தப் பேட்டையை எடுத்து, 'கமுரோச்சோ' என்று பெயர் மாற்றி வைத்தது. தெரு முகப்பில் நிற்கும் சிவப்பு வளைவும், அதற்குப் பின்னால் பிரியும் சந்துகளும் கபுகிச்சோவில் கால் வைத்த யாருக்கும் அடையாளம் தெரியும். ஆனால் நடுவில் 'மில்லேனியம் டவர்' என்று ஒரு வானளாவிய கட்டடம் எழுந்து நின்றது. நிஜத்தில் அப்படி ஒன்று கிடையாது. பத்து ஆண்டுகள் கழித்து வந்த 'யாகுசா 0' கதையை 1988-க்குக் கொண்டுபோனபோது, டவர் இல்லை. அந்த இடத்தில் ஒரு சின்னஞ்சிறு காலி மனை. அந்த மனை யாருக்கு என்பதில்தான் முழுக் கதையும் சுழல்கிறது. ஜப்பானில் நில விலை கண்மண் தெரியாமல் ஏறிய ஆண்டுகள் அவை. பிறகு 2023 ஏப்ரலில், நிஜமான கபுகிச்சோவிலேயே 225 மீட்டர் உயரத்தில் ஒரு டவர் திறக்கப்பட்டது.

இல்லாத கட்டடம் ஏன் பொய்யாகத் தோன்றவில்லை என்று நான் பலநாள் யோசித்திருக்கிறேன். அந்தப் பேட்டையில் நிலத்துக்கு இருந்த பசியிலிருந்தே அது முளைத்தது என்பதுதான் என் பதில். ஓர் ஊரின் வரைபடத்தை நீங்கள் மாற்றலாம், சுருக்கலாம், இல்லாததைச் சேர்க்கலாம். அந்த ஊர் ஏன் அப்படி இருக்கிறது என்ற காரணத்தை மட்டும் மாற்றினால் ஊர் கையைவிட்டுப் போய்விடும். கீழே வரும் படிகள் எல்லாம் இந்த ஒன்றைச் சுற்றியே நிற்கின்றன. தனியாகவோ மூன்று நான்கு பேர் குழுவாகவோ கேம் செய்பவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன்.

முதல் படி: பெயர் வைப்பது

ஒரு கோடு வரைவதற்கு முன்னால் இதை முடிவு செய்யுங்கள். நிஜப் பெயரா, மாற்றிய பெயரா, முழுக்கப் புனைந்த பெயரா? பலரும் கடைசி மாதத்தில்தான் இதைப் பேசுகிறார்கள். அதற்குள் செய்த வேலையில் பாதி வீணாகிவிடும்.

நிஜப் பெயரை வைத்தால், அங்கே வாழ்கிறவர்களிடம் கடன் வாங்கியிருக்கிறீர்கள் என்று பொருள். 'ரெசிஸ்டன்ஸ்: ஃபால் ஆஃப் மேன்' கேமில் மான்செஸ்டர் பேராலயத்துக்குள் ஒரு துப்பாக்கிச் சண்டை வைத்திருந்தார்கள். 2007-இல் இங்கிலாந்து திருச்சபை கடுமையாக எதிர்த்தது. அன்று மான்செஸ்டர் நிஜத்திலேயே துப்பாக்கிக் குற்றங்களோடு போராடிக்கொண்டிருந்த நகரம். அதுதான் அவர்களுடைய வருத்தத்தின் அடி. கேமை வெளியிட்ட சோனி மன்னிப்புக் கேட்டது. வேற்றுக் கிரகத்து எதிரிகளைச் சுடும் கற்பனைக் கதைதானே என்ற வாதம் அங்கே எடுபடவில்லை, எடுபடவும் வேண்டியதில்லை என்பது என் கருத்து. ஆலயத்தின் பெயர் நிஜம் என்றால் அங்கே மண்டியிட்டவர்களும் நிஜம்.

இதற்கு நேரெதிர் 'கோஸ்ட் ஆஃப் சுஷிமா'. அமெரிக்காவில் செய்த கேம். 1274-இல் மங்கோலியர் படையெடுத்த சுஷிமா தீவை நிஜப் பெயரோடே எடுத்துக்கொண்டது. தீவை அப்போது காத்தது சோ குலம். கேமில் அவர்கள் இல்லை. குலங்களும் நாயகனும் எதிரித் தளபதியும் புனைவு. படை வந்திறங்கிய கொமோடா கடற்கரை மட்டும் நிஜம். 2020 ஜூலையில் கேம் வந்தது. செப்டம்பரில் புயல் அடித்து, தீவின் வதசுமி கோயிலின் தோரணவாயில் ஒன்று சரிந்தது. அதை எழுப்ப 50 லட்சம் யென் கேட்டுத் திரட்டிய நிதிக்கு 2 கோடியே 70 லட்சம் யென்னுக்கு மேல் சேர்ந்தது. கொடுத்தவர்களில் இந்த கேமை விளையாடி அந்தத் தீவை நேசிக்கத் தொடங்கியவர்கள் ஏராளம். அடுத்த ஆண்டு கேமின் இயக்குநர்கள் இருவரைச் சுஷிமா தன் சுற்றுலாத் தூதர்களாக அறிவித்தது. தீவின் பெயரை வாங்கினார்கள், அந்தப் பெயருக்கு மரியாதை சேர்த்தார்கள். வரலாற்று மனிதர்களை விட்டுவிட்டுப் புதியவர்களைப் படைத்ததும் அந்த மரியாதையின் ஒரு பகுதி என்றே நான் நினைக்கிறேன்.

மாற்றிய பெயர் நடுவழி. லாஸ் ஏஞ்சலஸை 'லாஸ் சான்டோஸ்' ஆக்குவதும், கபுகிச்சோவைக் கமுரோச்சோ ஆக்குவதும் இந்த வகை. பார்ப்பவர் கண்டுகொள்வார், ஆனால் தெருவுக்குத் தெரு கணக்குக் கேட்க மாட்டார். சிறு குழுக்களுக்கு நான் பரிந்துரைப்பது இதைத்தான். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். பெயர் மாற்றியதால் வரைபடத்திலிருந்துதான் விடுதலை. அந்த ஊர் மக்களை இழிவாகக் காட்டினால், பெயர் வேறு என்பது உங்களைக் காப்பாற்றாது.

இரண்டாம் படி: விளையாடுபவரின் வினைச்சொல்

உங்கள் கேமில் ஆள் என்ன செய்கிறார்? ஓட்டுகிறாரா, ஒளிகிறாரா, சமைக்கிறாரா? அந்த வினைச்சொல் தொடும் இடத்தில்தான் உண்மை துல்லியமாக இருக்க வேண்டும்.

'யூரோ ட்ரக் சிமுலேட்டர் 2' ஐரோப்பாவை ஏறத்தாழ 19-இல் ஒரு பங்காகச் சுருக்கியிருக்கிறது. 19 கிலோமீட்டர் நெடுஞ்சாலை அதில் ஒரு கிலோமீட்டர். கடிகாரமும் அதற்கேற்ப வேகமாக ஓடுகிறது. லாரி ஓட்டுபவருக்கு அது உறுத்துவதில்லை. ஏனென்றால் சாலைப் பலகை, வளைவின் சாய்வு, கியர், பின்பக்கக் கண்ணாடி எல்லாம் சரியாக இருக்கின்றன.

டொரன்டோவில் குடியேறிய ஒரு தமிழ்க் குடும்பத்தைப் பற்றிய 'வெண்பா' 2023-இல் வந்தது. அதில் நகரம் என்று பெரிதாக எதுவும் இல்லை. வினை சமையல்தான், ஆகவே இடம் சமையலறை. இட்லித் தட்டை எப்படி அடுக்குவது என்பதே அங்கே புதிர். ஒரு நகரத்தைக் கட்டுவதற்கான உழைப்பை ஓர் இட்லிப் பானையில் குவித்தார்கள். கதை எந்த வீட்டில் நடக்கிறது என்பதில் நமக்கு ஒரு நொடி சந்தேகம் வருவதில்லை.

மூன்றாம் படி: களத்துக்குப் போங்கள்

இணைய வரைபடங்களின் தெருக்காட்சிப் படங்களை மட்டும் வைத்து வேலையைத் தொடங்காதீர்கள். அவை பகலில், சாலை நடுவில் போகும் காரின் கூரை உயரத்திலிருந்து எடுக்கப்படுபவை. உங்கள் ஆள் இரவில், திண்ணை ஓரமாக, கண் உயரத்தில் நடப்பார். கார் நுழையாத சந்து அந்தப் படங்களில் அநேகமாக இருக்காது, கதை நடப்பதோ பெரும்பாலும் அங்கேதான்.

திறந்த தரவும் அப்படியே நம்பத்தக்கதல்ல. 2020-இல் வந்த மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டரில் மெல்போர்னின் வடக்கே சாதாரண வீடுகளுக்கு நடுவில் 212 மாடி ஊசிக் கட்டடம் ஒன்று நின்றது. யாரும் திருத்தக்கூடிய இணைய வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் யாரோ ஒருவர் 2 என்பதற்குப் பதில் 212 என்று தட்டிவிட்டிருந்தார். தரவை எடுத்தவர்கள் அந்தத் தெருவில் ஒருமுறை நின்றிருந்தால் தெரிந்திருக்கும்.

போக முடிந்தால் மூன்று முறை போங்கள்: விடியலில், உச்சி வெயிலில், கடையடைக்கும் நேரத்தில். கேமராவைவிட நோட்டுப் புத்தகம் உதவும். நான் குறித்துக்கொள்பவை: தண்ணீர் எந்தப் பக்கம் வடிகிறது. நிழல் எப்போது தெருவைக் கடக்கிறது. மக்கள் எங்கே காத்திருக்கிறார்கள், எதன்மேல் உட்காருகிறார்கள். சுவரில் எந்த உயரம்வரை அழுக்கேறியிருக்கிறது. எந்தக் கதவு எப்போதும் திறந்தே இருக்கிறது. ஒவ்வொரு இடத்திலும் குறைந்தது ஐந்து நிமிடம் ஒலியைப் பதிவு செய்யுங்கள். சுவர்மேலும் தரைமேலும் ஒட்டும் டெக்ஸ்ச்சர் படம் எத்தனை நேர்த்தியாக இருந்தாலும், ஒலி தவறினால் ஊர் வேறாகிவிடும்.

போக முடியாத காலம் என்றால், அந்தக் காலத்துப் படங்களைத் தேட வேண்டும். 1947-இன் லாஸ் ஏஞ்சலஸைக் கட்டிய 'எல்.ஏ. நுவார்' குழு, ராபர்ட் ஸ்பென்ஸ் என்பவர் விமானத்திலிருந்து எடுத்த பழைய படங்களைப் பயன்படுத்தியது. எந்த மனையில் என்ன கட்டடம், எந்தச் சாலையில் எவ்வளவு நெரிசல் என்பதை மேலிருந்து எடுத்த படம் சொல்லும்.

நான்காம் படி: சுருக்குவது

இங்கேதான் பலரும் தடுக்கி விழுகிறார்கள், நானும் விழுந்தேன். நான் செய்த முதல் லெவலில் 400 மீட்டர் கடைத்தெரு ஒன்றை நாடா வைத்து அளந்து, ஒரு அடி பிசகாமல் கட்டினேன். நடந்து பார்த்தபோது அது அந்தத் தெருவாகவே இல்லை. வெறிச்சென்று, அகலம் குறைந்து, சட்டென்று முடிந்துபோனது.

காரணம் எளிது. மனிதர் சாதாரணமாக நடக்கும் வேகம் வினாடிக்கு 1.4 மீட்டர் அளவு. 400 மீட்டர் தெருவைக் கடக்க ஐந்து நிமிடம் ஆகும். கேமில் ஆள் வினாடிக்கு ஐந்து மீட்டர் வேகத்தில் ஓடினால் 80 வினாடியில் கடந்துவிடுவார். கேமராவும் அவர் முதுகுக்குப் பின்னால் மிதக்கிறது. நிஜ அளவில் கட்டிய வாசலும் அறையும் அந்தக் கேமராவுக்குக் குறுகலாக இருக்கும். ஆகவே அளவுகளை நகலெடுக்காமல், அந்த அளவுகள் தந்த உணர்வை வேறு அளவுகளால் உண்டாக்க வேண்டும்.

நான் இப்போது செய்யும் முறை இது. முதலில் அந்தத் தெருவை நன்கு அறிந்த ஒருவரை உட்காரவைத்து, இந்த முனையிலிருந்து அந்த முனைவரை வாயால் நடக்கச் சொல்கிறேன். அவர் 40 கடைகளைச் சொல்ல மாட்டார். ஒரு மரம், ஒரு திருப்பம், ஒரு வாசனை, கண் கூசும் ஒரு வெட்டவெளி என்று எட்டோ ஒன்பதோ சொல்வார். அவைதான் லெவலின் எலும்பு. அவற்றின் வரிசையை மாற்றக் கூடாது. நடுவிலுள்ள தூரத்தை எவ்வளவு வேண்டுமானாலும் வெட்டலாம்.

பிறகு விவரம் எதுவும் சேர்க்காத சாம்பல் நிறப் பெட்டிகளாலேயே தெருவை எழுப்பிப் பாருங்கள். நீளத்தைக் குறைத்து அகலத்தைக் கொஞ்சம் கூட்டுங்கள். நேர்ச்சாலையை லேசாக வளையுங்கள். கடைசிமுனை கண்ணில் படாவிட்டால் தெரு நீண்டதாகத் தோன்றும், கணினிக்கும் சுமை குறையும். ஒரே மாதிரிக் கடைகள் ஆறு இருந்தால் இரண்டை வைத்துக்கொண்டு, அந்த இரண்டுக்கும் தனித்தனி முகம் கொடுங்கள். எந்த நாற்சந்தியில் நின்றாலும் ஏதோ ஓர் உயரமான அடையாளம் தெரிய வேண்டும். ஏற்ற இறக்கத்தை மட்டும் தட்டையாக்காதீர்கள். மேட்டில் யார் வீடு, பள்ளத்தில் யார் வீடு என்பது எந்த ஊரிலும் தற்செயல் கிடையாது.

கீவ் நகரத்துக் குழு ஒன்று 2007-இல் வெளியிட்ட 'ஸ்டாக்கர்' கேமைப் பாருங்கள். செர்னோபில் தடைப் பகுதிக்கு நேரில் போய்ப் படமெடுத்து, பிரிப்யாத் நகரத்துக் கட்டடங்களை அடையாளம் தெரியும்படி செய்தார்கள். அவற்றுக்கு இடைப்பட்ட தூரங்களைத் தாராளமாக விழுங்கினார்கள். அங்கே போய்வந்தவர்களும் அந்த இடத்தின் கனத்தை அதில் உணர்கிறார்கள்.

ஐந்தாம் படி: பொய்க் கணக்கு

ஒரு தாளை இரண்டாகப் பிரியுங்கள். இடப்பக்கம், தெரிந்தே சொல்லும் பொய்கள். வலப்பக்கம், ஒருபோதும் சொல்லக் கூடாதவை. ஒவ்வொரு பொய்க்கும் எதிரே அது யாருக்காக என்று ஒரு வரி.

'அசாசின்ஸ் க்ரீட் யூனிட்டி' 2014-இல் வந்தது. கதை பிரெஞ்சுப் புரட்சிக் காலம். அதிலுள்ள நோத்ர்-டாம் பேராலயத்துக்காக ஒரு கலைஞர் ஆண்டுக்கணக்கில் உழைத்தார். கூரைமேல் ஓங்கி நிற்கும் ஊசிக்கோபுரம் மட்டும் அந்தக் காலத்துக்கு உரியதல்ல. இடைக்காலத்துக் கோபுரத்தை 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இறக்கிவிட்டார்கள். நாம் அறிந்த கோபுரம் கட்டடக் கலைஞர் வியோலே-லெ-துக் வடிவமைத்து 1859-இல் எழுந்தது. ஆனாலும் அது இல்லாத நோத்ர்-டாம் இன்றைய கண்ணுக்கு நோத்ர்-டாமாகத் தெரியாது. நான் இதை நல்ல பொய் என்றே சொல்வேன். ஏறி விளையாடுபவருக்கு அது தரும் உச்சி, காலப்பிழையைவிடப் பெரிது.

2019 ஏப்ரல் 15 தீயில் அந்தக் கோபுரம் விழுந்தபோது, இந்த கேமை வைத்தே ஆலயத்தைத் திரும்பக் கட்டிவிடலாம் என்று பலர் எழுதினார்கள். அது தவறான நம்பிக்கை. ஆண்ட்ரூ டாலன் என்ற கலை வரலாற்றாளர் லேசர் கருவியால் எடுத்திருந்த அளவுகள் ஒரு வகை ஆவணம். விளையாடுவதற்காக விளிம்புகளையும் பிடிமானங்களையும் மாற்றிச் செய்த மாதிரி வேறொரு வகைப் படைப்பு. இந்த வேறுபாட்டை கேம் செய்பவர் தானே உரக்கச் சொல்ல வேண்டும்.

சுஷிமாவில் நாயகன் ஹைக்கு புனைகிறான். 1274-இல் ஹைக்கு என்ற வடிவமே கிடையாது. அது பல நூற்றாண்டுகள் கழித்து வந்தது. அந்நாளில் இருந்தது வாக்கா என்ற பழைய ஜப்பானியக் கவிதை வடிவம். இந்தப் பொய்யை நான் என் தாளில் இடப்பக்கம் வைக்கத் தயங்கியிருப்பேன். மூன்று வரி சுலபம்தான். ஆனால் வாக்காவை உலகத்துக்கு அறிமுகம் செய்யும் வாய்ப்பு கைநழுவியது.

வலப்பக்கத்தில் நான் எப்போதும் எழுதுபவை சில உண்டு. ஒரு கொடுமையைச் செய்தவர்களை மாற்றி எழுதக் கூடாது. வாழும் ஒரு சமூகத்தை மறைந்துபோனவர்களாகக் காட்டக் கூடாது. வறுமையை அலங்காரமாக்கக் கூடாது.

ஆறாம் படி: எழுத்தும் வழிபாடும்

2009-இல் வந்த 'மாடர்ன் வார்ஃபேர் 2'-இன் கராச்சி மேப்பில் கடைப்பலகைகள் அரபியில் இருந்தன. கராச்சியில் உருது. இரண்டும் ஒரே எழுத்துக் குடும்பம், வெளியாள் கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. சென்னைத் தெருவில் எல்லாப் பலகையும் மலையாளத்தில் இருந்தால் நமக்கு எப்படி இருக்கும்? அதே கேமின் இன்னொரு மேப்பில், ஒரு கழிவறைச் சுவரில் மாட்டிய சட்டத்தில் புனிதமான அரபி வாசகம் இருப்பதை முஸ்லிம்கள் சுட்டிக்காட்டினார்கள். 2012-இல் அந்த மேப்பையே இறக்கித் திருத்தினார்கள். அழகுக்காக எங்கோ எடுத்து ஒட்டிய ஒரு படம்தான் அது.

ஆகவே விதி: வாசிக்கத் தெரியாத எழுத்தைச் சுவரில் ஒட்டாதீர்கள். ஒவ்வொரு பலகையையும் அந்த மொழிக்காரர் ஒருவர் படித்துக் கையொப்பமிடட்டும். தமிழ் எழுத்து வைப்பவர்களுக்கு ஒரு தொழில்நுட்பக் குறிப்பு. எழுத்துகளைச் சேர்த்து உருவாக்கத் தெரியாத உரைக் கருவிகளில் எழுத்துக்கு முன்னால் வர வேண்டிய கொம்பு அதற்குப் பின்னால் போய் ஒட்டிக்கொள்ளும். 'கொ', 'தை', 'லே' மூன்றையும் முதல் நாளே திரையில் சோதியுங்கள். கோடோ 4 என்ற கேம் எஞ்சின் இதைச் சரியாகக் காட்டும். காட்டாத எஞ்சின் என்றால் பலகையை எழுத்தாக விடாமல் படமாகவே வரைந்து ஒட்டுங்கள். நல்ல பலகை ஓவியரின் கையெழுத்தில் இருந்தால் இன்னும் சிறப்பு.

கோயில்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 2017-இன் 'அன்சார்ட்டட்: தி லாஸ்ட் லெகசி' மேற்குத் தொடர்ச்சி மலைக்குப் போய், ஹொய்சாளர் காலத்தை எடுத்துக்கொண்டது. மேற்கத்திய கேம் ஒன்று பேலூரையும் ஹளேபீடையும் பேசியது எனக்கு மகிழ்ச்சி. ஆனால் அது காட்டும் வியப்பு மலையளவு சிலைகளின் வியப்பு. ஹொய்சாளரின் மேன்மை நேர்மாறானது. வெட்டும்போது மென்மையாக இருந்து பிறகு இறுகும் மாக்கல்லில், நட்சத்திர வடிவ மேடைமேல், கழுத்தணியின் ஒவ்வொரு மணியையும் தனியாகச் செதுக்கினார்கள். 1117-இல் கட்டிய பேலூர்க் கோயிலில் கண்ணைச் சுவருக்கு ஒரு சாண் அருகில் கொண்டுபோனால்தான் அந்த வேலை தெரியும். அண்ணாந்து பார்க்க வைக்காமல் குனிந்து நெருங்க வைக்கும் கேம் ஒன்று அங்கே இன்னும் செய்யப்படாமல் இருக்கிறது. ஓர் இடம் எந்த வகை வியப்பைத் தருகிறது என்று கேட்டுவிட்டு அளவைத் தீர்மானியுங்கள்.

ஏழாம் படி: புனைந்த ஊருக்கும் ஒரு வரலாறு

முழுக்கப் புனைவது சுலபம் என்று நினைக்கிறவர்கள் 'டிஸ்கோ எலிசியம்' கேமின் ரெவச்சோலைப் பார்க்கட்டும். உலக வரைபடத்தில் இல்லாத நகரம். ஆனால் தோற்றுப்போன ஒரு புரட்சியின் துப்பாக்கித் துளைகள் சுவரில் இருக்கின்றன. துறைமுகத்தில் வேலைநிறுத்தம் நடக்கிறது, அந்நியக் கூட்டணி ஒன்று நகரை ஆள்கிறது. ஒவ்வொரு உடைசலுக்கும் அதை உடைத்தவர் உண்டு.

உங்கள் ஊருக்கு இந்த நான்கு கேள்விகளுக்கு விடை எழுதுங்கள். இங்கே முதலில் வந்தவர்கள் எதைத் தேடி வந்தார்கள்? தண்ணீர் எங்கிருந்து வருகிறது? யாருடைய பணத்தில் பெரிய கட்டடம் எழுந்தது? கடைசியாக எது மூடப்பட்டது? விடைகளைக் கேமில் சொல்லவே வேண்டாம். தெரு தானாக அவற்றைச் சொல்லும்.

எட்டாம் படி: உரிமைகள்

புகழ்பெற்ற கட்டடம் பொதுச் சொத்து என்று எண்ணாதீர்கள். 2018-இன் 'ஸ்பைடர்-மேன்' நியூயார்க்கில் க்ரைஸ்லர் கட்டடம் இருந்தது. 2019-இல் கட்டடம் கைமாறியது. 2020-இல் வந்த அடுத்த கேமில் உரிமையாளர்களோடு உடன்பாடு எட்டாததால் அது இல்லை. கடைப்பெயர், சின்னம், சுவரோவியம், பேருந்து வண்ணம் எதையும் கேட்காமல் எடுக்க வேண்டாம். சொந்தமாகக் கடைப்பெயர் வைப்பது எளிது. அந்த ஊர்க்காரர்கள் கடைக்கு எப்படிப் பெயர் வைப்பார்கள் என்ற வழக்கத்தை மட்டும் பின்பற்றுங்கள்.

ஒன்பதாம் படி: அந்த ஊர்க்காரர்

இதைக் கடைசியில் எழுதினாலும் முதல் மாதத்திலேயே தொடங்க வேண்டும். 2014-இன் 'நெவர் அலோன்' அலாஸ்காவின் இனுப்பியாக் மக்களுடைய கதை. அலாஸ்காவின் பழங்குடி அமைப்பு ஒன்று தயாரிப்பில் பங்காளி. கதைசொல்லியின் குரல் இனுப்பியாக் மொழியிலேயே ஒலிக்கிறது. ஆலோசகர் என்று கடைசிப் பட்டியலில் ஒரு பெயர் போடுவதோடு அவர்கள் நிற்கவில்லை. சிறு குழுவாலும் இதைச் செய்ய முடியும். இரண்டு பேரைக் கண்டுபிடியுங்கள், ஒருவர் வயதானவர், ஒருவர் இளையவர். உரிய ஊதியம் கொடுங்கள். முடிவு மாற்றக்கூடிய நிலையில் இருக்கும்போதே, அதாவது சாம்பல் பெட்டிகளாக இருக்கும்போதே காட்டுங்கள்.

கேள்வித்தாள் எதுவும் நீட்டாதீர்கள். கன்ட்ரோலரைக் கையில் கொடுத்துவிட்டு, பின்னால் பேசாமல் உட்காருங்கள். எங்கே அவர் வேகத்தைக் குறைக்கிறார், எங்கே ஆளைத் திருப்பி ஒரு சுவரைப் பார்க்கிறார், எங்கே "இந்தப் பக்கம் ஒரு குழாய் இருக்குமே" என்று தனக்குள் சொல்லிக்கொள்கிறார் என்று நேரத்தோடு குறித்துக்கொள்ளுங்கள். மறுநாள் காலை அந்தக் குழாயை வைத்துவிட்டு, அவரை இன்னொருமுறை கூப்பிடுங்கள்.